இன்குபேட்டரில் குஞ்சு பொரிக்கும் கடைசி 3 நாள்: எந்த நேரத்தில் என்ன நடக்கும், எப்போது கை வைக்கலாம்

முட்டையை இன்குபேட்டரில் வைத்து 17 நாள் வரை ஓட்டிவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதுவரை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தவர்கள்கூட கடைசி 3 நாளில்தான் குஞ்சுகளை இழக்கிறார்கள். நானும் இழந்திருக்கிறேன், புதிதாக ஆரம்பித்தவர்கள் இழப்பதைப் பக்கத்தில் இருந்தும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாத பயத்தில் மூடியைத் திறந்துவிடுகிறோம்.

நான் சொல்வது வீட்டில் வைத்துக்கொள்ளும் சிறிய பெட்டி, உள்ளே ஃபேன் ஓடுவது, நாட்டுக்கோழி முட்டை. தெர்மாகோல் பெட்டியில் பல்பும் டெம்பரேச்சர் கன்ட்ரோலரும் வைத்து நீங்களே செய்ததாக இருந்தாலும் சரி, கடையில் வாங்கியதாக இருந்தாலும் சரி, படிகள் இவைதான்.

1. முதலில் நாள் கணக்கைச் சரிபாருங்கள்

கோழி முட்டைக்கு 21 நாள். முட்டை வைத்த அன்றையே முதல் நாள் என்று எண்ணுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. வைத்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் முடிந்தால்தான் 1 நாள். ஞாயிறு மாலை வைத்தால் மூன்றாவது வாரம் அதே ஞாயிறு மாலைதான் 21 நாள் முடிகிறது. 18ஆம் நாள் வியாழன் மாலை. வைத்த கிழமையில்தான் பொரிக்கும் என்று நினைவு வைத்துக்கொண்டால் கணக்குத் தவறாது.

இது ஏன் முக்கியம் என்றால், ஒரு நாள் தப்பாக எண்ணினால் 20ஆம் நாளையே 21 என்று நினைத்துக்கொண்டு "இன்னும் கொத்தவே இல்லையே" (குஞ்சு உள்ளிருந்து அலகால் ஓட்டை உடைப்பதுதான் கொத்து) என்று முட்டையை எடுத்துப் பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள்.

கோழி இடஇட தினம் ஒன்றாக இன்குபேட்டரில் சேர்த்துக்கொண்டே போகாதீர்கள். கடைசி 3 நாளுக்கு வேண்டிய ஈரப்பதம் வேறு, அதற்கு முன்பு வேண்டியது வேறு. ஒரே பெட்டியில் இரண்டையும் கொடுக்க முடியாது, அதோடு முன்பாகப் பொரித்த குஞ்சை எடுக்கத் திறப்பதில் பின்னால் வருவது காய்ந்துபோகும். வீட்டின் குளிர்ந்த இடத்தில் சேர்த்து வைத்து, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வையுங்கள். சேர்த்து வைப்பதும் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம், கோடையில் 4, 5 நாள் போதும்.

அப்புறம் ஒன்று. முட்டை வைக்கும் முன்பே உங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு வரும் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். காலையில் நிறுத்தினால் மதியம் வரையோ மாலை வரையோ வராது. அந்த நாள் உங்கள் 18 முதல் 21 வரைக்குள் விழாதபடி இரண்டு நாள் தள்ளி வைப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை.

2. 17ஆம் நாளுக்குள் கையில் இருக்க வேண்டியவை

18ஆம் நாள் மூடியைப் பூட்டிய பிறகு கடைக்கு ஓடக் கூடாது. அதனால் இவற்றை முன்பே எடுத்து வையுங்கள்.

முதலில் குஞ்சுகளுக்கான ப்ரூடர். ஒரு பெரிய அட்டைப்பெட்டி, மேலே தொங்கும் பல்பு, அடியில் சணல் சாக்கு, இவ்வளவுதான். ஆனால் அதை 20ஆம் நாளே போட்டு, பல்புக்கு நேர் கீழே 35 டிகிரி செல்சியஸ் வருகிறதா என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். குஞ்சு வந்த பிறகு பல்பு உயரத்தைச் சரிசெய்து கொண்டிருந்தால் அதற்குள் அவை குளிரில் நடுங்கும்.

இன்குபேட்டர் தரையில் விரிக்க சொரசொரப்பான ஏதாவது வேண்டும். அலமாரியில் விரிக்கும் ரப்பர் வலை நல்லது. இல்லையென்றால் பழைய பருத்தித் துணியை நன்றாக இழுத்துக் கட்டலாம். வழவழப்பான பிளாஸ்டிக் தரையில் பொரித்த குஞ்சுக்குக் கால் இரண்டு பக்கமும் விரிந்துபோகும். நூல் பிரிந்த துணி வேண்டாம், கால் விரலில் சுற்றிக்கொள்ளும்.

மூடியைத் திறக்காமல் தண்ணீர் விட ஒரு வழி வேண்டும். காற்றுத் துளை வழியாக ஒரு மெல்லிய டியூபை உள்ளே இருக்கும் தண்ணீர்த் தட்டுக்குக் கொண்டுபோய் வெளியே சிரிஞ்ச் வைத்து ஊற்றினால் போதும். இந்த ஒரு டியூப் காப்பாற்றிய குஞ்சுகள் ஏராளம்.

இவற்றோடு சுத்தமான ஸ்பாஞ்ச் துண்டுகள், போவிடோன் அயோடின் ஒரு சின்ன பாட்டில், காது குடையும் பஞ்சுக் குச்சி, குஞ்சுத் தீவனம், ஆழமில்லாத தண்ணீர்க் கிண்ணம், ஒரு நோட்டு, பேனா. நோட்டு அவசியம். எந்த முட்டையில் எத்தனை மணிக்கு முதல் கொத்து விழுந்தது என்று எழுதாமல் உதவலாமா கூடாதா என்று முடிவெடுக்கவே முடியாது.

3. மீட்டர்களை நம்பும் முன் ஒரு சோதனை

மலிவான ஹுமிடிட்டி மீட்டர் 10, 15 சதவீதம் தப்பாகக் காட்டுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈரமணல் மாதிரி ஆக்குங்கள், கரையக் கூடாது. அதையும் மீட்டரையும் ஒரு காற்றுப் புகாத டப்பாவில் வைத்து இரவு முழுக்க மூடிவிடுங்கள். காலையில் 75 சதவீதம் காட்ட வேண்டும். 68 காட்டினால் உங்கள் மீட்டர் 7 குறைவாகக் காட்டுகிறது, அதைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வெப்பத்துக்குக் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் போதும். முட்டை மட்டத்தில் வைத்து, அதுவும் பெட்டியின் கன்ட்ரோலரும் ஒத்துப்போகிறதா பாருங்கள். ஃபேன் உள்ள பெட்டிக்கு 37.5 முதல் 37.8 டிகிரி. ஃபேன் இல்லாத பெட்டியென்றால் முட்டையின் மேல்மட்டத்தில் 38.3 முதல் 38.9 வரை இருக்கலாம், ஏனென்றால் அதில் சூடு மேலே தேங்கி நின்று முட்டையின் அடிப்பக்கம் குளிர்ந்திருக்கும்.

4. 18ஆம் நாள்: கடைசியாக லைட் அடித்துப் பார்ப்பது

இருட்டறையில் முட்டையின் அகன்ற பக்கத்தில் டார்ச்சை வைத்துப் பாருங்கள். நல்ல முட்டையில் காற்றறை மட்டும் வெளிச்சமாக, அதற்குக் கீழே முழுக்க இருட்டாக இருக்கும். காற்றறையின் ஓரம் ஒரு பக்கம் சரிந்து இறங்கியிருக்கும், ஓரத்தில் இரத்தக் குழாய் தெரியும், சிலதில் நிழல் அசைவதும் தெரியும். அசையவில்லை என்பதற்காக ஒதுக்கிவிடாதீர்கள், இந்த வயதில் உள்ளே இடமே இல்லை.

உள்ளே முழுக்க வெளிச்சமாகத் தெரிந்தால் அது கரு கூடாத கூமுட்டை. உள்ளே தண்ணீர் மாதிரி கலங்கி ஆடினாலோ, நாற்றம் வந்தாலோ உடனே வெளியே எடுங்கள். அழுகிய முட்டை 37 டிகிரிச் சூட்டில் வெடித்தால் மற்ற முட்டைகள் மேலெல்லாம் கிருமி தெறிக்கும். சந்தேகமாக இருப்பவற்றை மட்டும் பெட்டிக்குள்ளேயே ஒரு ஓரமாக வையுங்கள், தூக்கிப்போட வேண்டாம்.

வீட்டில் சமையலறைத் தராசு இருந்தால் எடையும் பாருங்கள். வைத்த அன்று 45 கிராம் இருந்த முட்டை இன்று 39, 40 கிராம் அளவில் இருக்க வேண்டும், அதாவது 12, 13 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். அந்த எடை போனது ஈரமாக. ஈரம் போன இடத்தில்தான் காற்றறை பெரிதாகிறது, குஞ்சு முதல் மூச்சு விடப்போவது அந்தக் காற்றறையில். எடை சரியாகக் குறையாத முட்டையில் காற்றறை சின்னதாக இருக்கும், குஞ்சு அந்தத் தண்ணீரிலேயே மூச்சுத் திணறும்.

5. திருப்புவதை நிறுத்தி மூடியைப் பூட்டுங்கள்

லைட் அடித்து முடித்த கையோடு திருப்பும் ட்ரேயை வெளியே எடுத்துவிடுங்கள். மோட்டாரை நிறுத்தினால் மட்டும் போதாது, உருளைகளின் இடுக்கில் குஞ்சின் கால் மாட்டிக்கொள்ளும். விரிப்பைப் போட்டு முட்டைகளைப் படுக்கைவாட்டில், ஒன்றோடொன்று நெருக்காமல் பரப்புங்கள்.

இதுவரை தினம் திருப்பினோம், இப்போது ஏன் கூடாது? ஆரம்பத்தில் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் திருப்பினோம். இப்போது குஞ்சு தலையை வலது இறக்கைக்கு அடியில் வைத்து, அலகைக் காற்றறைப் பக்கம் திருப்பித் தன் இடத்தைப் பிடிக்கிறது. இந்த நேரத்தில் உருட்டினால் அது இடம் மாறிப்போய் அலகு தவறான பக்கம் நிற்கலாம்.

ஈரப்பதத்தை 65 முதல் 70 சதவீதத்துக்கு ஏற்றுங்கள். தட்டின் ஆழத்தைக் கூட்டிப் பயனில்லை, நீர்ப்பரப்பு அகலமாக வேண்டும். இன்னொரு தட்டு வையுங்கள், அல்லது நிமிர்ந்து நிற்கும் ஸ்பாஞ்ச். ஊற்றுவது வெதுவெதுப்பான தண்ணீராக இருக்கட்டும், குளிர்ந்த நீர் ஊற்றினால் பெட்டி வெப்பம் சட்டென்று இறங்கும். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் மழை நாளில் ஒரு தட்டே போதும்; கோடையில் உள்மாவட்டங்களில் இரண்டு தட்டு வைத்தாலும் 60 தாண்டுவது பாடாக இருக்கும்.

ஈரம் போய்விடுமே என்று காற்றுத் துளைகளை அடைப்பவர்கள் இருக்கிறார்கள். இதைச் செய்யவே கூடாது. 21 நாளிலும் முட்டைகளுக்கு ஆக்ஸிஜன் அதிகம் தேவைப்படுவது இந்த 3 நாளில்தான். துளையைத் திறந்தே வைத்துக்கொண்டு ஈரத்தை ஏற்றுங்கள். இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் காற்றைக் காப்பாற்றுங்கள்.

இப்போது மூடியாகிவிட்டது. இனி கண்ணாடி வழியாகப் பார்ப்பது மட்டும்தான்.

6. 19, 20ஆம் நாள்: வெளியே ஒன்றும் தெரியாது

புதியவர்கள் அதிகம் பதறுவது இங்கேதான். ஓட்டில் ஒரு கீறல்கூட இருக்காது. ஆனால் உள்ளே பெரிய வேலை நடந்துகொண்டிருக்கிறது.

இதுவரை குஞ்சு ஓட்டை ஒட்டிய இரத்தக் குழாய் வலை வழியாகத்தான் ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டிருந்தது. உடம்பு பெரிதானதும் அது போதவில்லை, உள்ளே கரியமில வாயு கூடுகிறது. அந்த நெருக்கடியில் கழுத்தின் பின்னால் இருக்கும் தசை துடித்து, அலகு காற்றறைச் சவ்வைக் குத்திக் கிழிக்கிறது. நுரையீரல் முதல் முறையாகக் காற்றை இழுப்பது அப்போதுதான்.

காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்தால் மெல்லிய கீச் சத்தமும், நகத்தால் தட்டுகிற மாதிரி டிக் டிக் சத்தமும் கேட்கும். சில முட்டைகள் தானாக ஆடும். எந்தச் சத்தமும் கேட்காவிட்டாலும் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. தண்ணீரில் மிதக்கவிட்டு ஆடுகிறதா என்று பார்க்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது, தயவுசெய்து செய்யாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் இருந்தாலே குஞ்சு மூழ்கிப்போகும்.

7. முதல் கொத்து, அதற்குப் பின் வரும் நீண்ட அமைதி

பெரும்பாலும் 20ஆம் நாளிலிருந்து 21ஆம் நாளுக்குள் அகன்ற பக்கத்தில் நட்சத்திரம் மாதிரி ஒரு சின்ன வெடிப்பு தெரியும். சில சமயம் ஒரு சில்லு மேடாக எழுந்து நிற்கும். குஞ்சின் மேல் அலகு நுனியில் இருக்கும் வெள்ளைப் புள்ளி போன்ற முட்டைப்பல் செய்த வேலை அது. நேரத்தை நோட்டில் எழுதுங்கள்.

அடுத்து என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. 12 மணி நேரம், சிலதில் 18, சிலதில் 24 மணி நேரம்கூடக் குஞ்சு அப்படியே கிடக்கும். இடையில் கொஞ்சம் கீச்சிடும், கொஞ்சம் அசையும், மறுபடி தூங்கும். இராத்திரி பத்து மணிக்குக் கொத்தின முட்டை காலையிலும் அதே மாதிரி இருப்பதைப் பார்த்து மனம் தாங்காமல் ஓட்டை உரிக்கத் தொடங்குகிறார்கள். என் முதல் ஈட்டில், அதாவது முதல் முறை முட்டை வைத்தபோது, நானும் அதைத்தான் செய்தேன். ஓட்டுச் சில்லை எடுத்ததும் சவ்விலிருந்து இரத்தம் கசிந்தது, நிற்கவே இல்லை, ஒரு மணி நேரத்தில் குஞ்சு போய்விட்டது. அது பலவீனமான குஞ்சு என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை, அது நலமாகவே இருந்தது, நான்தான் முன்பே பிரித்துவிட்டேன்.

அந்த அமைதியான நேரத்தில் நடப்பது இரண்டு வேலை. சவ்வுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் இரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குஞ்சின் உடம்புக்குள் திரும்புகிறது. வயிற்றுக்கு வெளியே மீதமிருக்கும் மஞ்சள் கரு தொப்புள் வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. இரண்டும் முடிந்து தொப்புள் மூடினால்தான் குஞ்சு வெளியே வரத் தயார். நாம் அவசரப்பட்டு உரித்தால் இரத்தமும் மஞ்சள் கருவும் வெளியிலேயே நின்றுவிடும்.

இந்த நேரத்தில் மூடியைத் திறந்தால் ஆபத்து இன்னொரு பக்கம் வருகிறது. கொத்து விழுந்த துளை வழியாக வெளிக்காற்று பட்டு, உள்சவ்வு உலர்ந்து குஞ்சின் மேல் பிளாஸ்டிக் உறை மாதிரி இறுகிவிடும். அதன் பிறகு அதற்குத் திரும்பவே முடியாது. அரை நிமிடம் திறந்தாலே ஈரப்பதம் 70இலிருந்து 40க்கு விழுந்துவிடும், மறுபடி ஏற எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை ஒருமுறை மீட்டரைப் பார்த்தால் புரியும்.

8. ஓட்டைச் சுற்றி வெட்டி வெளியே வருவது

தயாரானதும் குஞ்சு உள்ளேயே மெல்லத் திரும்பிக்கொண்டு, அகன்ற பக்கத்திலிருந்து பார்த்தால் கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்த்திசையில், ஓட்டை வரிசையாக வெட்டிக்கொண்டு போகும். அரை மணியிலும் முடியலாம், நான்கைந்து மணியும் ஆகலாம். முக்கால் வட்டம் வந்ததும் காலை உதைத்துத் தலையால் முட்டி, மூடியைத் திறப்பது போல அந்தப் பகுதியைத் தள்ளும். நான்கு உதை, ஓய்வு, மறுபடி நான்கு உதை. வீட்டில் குழந்தைகள் இருந்தால் கூப்பிட்டுக் காட்டுங்கள், கண்ணாடி வழியாக.

வெளியே வந்த குஞ்சு அழகாக இருக்காது. ஈரமாக, கழுத்தைத் தூக்க முடியாமல், செத்தது மாதிரி குப்புறக் கிடக்கும். அது களைப்புதான். காலி ஓட்டில் மெல்லிய இரத்தக் கோடுகளும் பச்சை நிறக் கழிவும் ஒட்டியிருக்கும், இதுவும் இயல்புதான். சிலவற்றின் தொப்புளில் கருத்த நூல் மாதிரி ஒன்று தொங்கும், சில சமயம் ஓட்டோடு சேர்ந்தே இழுபடும். அதைப் பிடித்து இழுக்காதீர்கள், காய்ந்து தானாக விழும்.

முதல் குஞ்சு எழுந்து மற்ற முட்டைகளை உருட்டிவிடும், மேலே ஏறி நிற்கும். பரவாயில்லை. அதன் கீச் சத்தமும் ஆட்டமும் மற்றவற்றை உசுப்பிவிடும். ஈரக் குஞ்சுகள் வந்ததும் ஈரப்பதம் 80க்கு மேல் தாவும், கண்ணாடியில் நீர் முத்துப் பிடிக்கும். முத்து வடிந்து ஓடினால் மட்டும் துளையை இன்னும் கொஞ்சம் திறந்துவிடுங்கள்.

9. எப்போது வெளியே எடுப்பது

பசிக்குமே, தாகமாக இருக்குமே என்று உடனே எடுக்க வேண்டியதில்லை. உள்ளே இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு 48 மணி நேரத்துக்குத் தாராளமாகத் தாங்கும், 72 மணி நேரம் வரைகூட. ஒருநாள் குஞ்சுகளைப் பெட்டியில் அடைத்து ஊர்விட்டு ஊர் அனுப்ப முடிவது இதனால்தான்.

இறகு முழுக்க உலர்ந்து பஞ்சு மாதிரி ஆன பிறகு, மொத்தமாக ஒரே தடவை திறந்து எடுங்கள். சிலது பொரித்து சிலது கொத்தின நிலையில் இருந்தால், 24 மணி நேரம் வரை பொறுத்துப் பாருங்கள். அப்படியும் திறந்தே ஆக வேண்டும் என்றால் ஃபேனை அணைத்து, அறைக் கதவு ஜன்னலை மூடி, குஞ்சுகளைப் போட ஒரு அட்டைப்பெட்டியோடு இரண்டாவது ஆளைப் பக்கத்தில் நிறுத்தி, சில நொடிகளில் முடியுங்கள். முடிந்ததும் ஃபேனைப் போட்டு டியூப் வழியாக வெந்நீர் விடுங்கள்.

அரைகுறையாக உலர்ந்ததை எடுத்தால் வழியிலேயே குளிர் பிடித்துவிடும்.

10. உதவலாமா?

உதவக் கூடாது என்பதுதான் என் முதல் பதில். ஆனால் சில குஞ்சுகள் உண்மையாகவே சிக்கிக்கொள்கின்றன, அவற்றை விட்டுவிடுவதும் சரியில்லை. நான் கை வைப்பது இந்த நிலைமைகளில் மட்டும்: நோட்டின்படி முதல் கொத்து விழுந்து 24 மணி நேரம் தாண்டியும் ஒரு அங்குலம்கூட முன்னேறவில்லை, அல்லது வெட்டத் தொடங்கிப் பாதியில் பல மணி நேரமாக நிற்கிறது, அல்லது துளையில் தெரியும் சவ்வு வெள்ளையாக ஈரமாக இல்லாமல் பழுப்பாகக் காகிதம் மாதிரி உலர்ந்துவிட்டது.

முட்டையை எடுத்து, ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, கொத்தின இடத்திலிருந்து காற்றறைக்கு மேலே இருக்கும் ஓட்டை மட்டும் சின்னச் சின்னச் சில்லாக எடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக் குச்சியால் சவ்வைத் தடவுங்கள், மூக்குத் துளையில் நீர் படக் கூடாது. நனைந்ததும் சவ்வு கண்ணாடி மாதிரி ஆகி உள்ளே இரத்தக் குழாய் இருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கும். சிவப்புக் கோடு தெரிந்தால் அங்கேயே நிறுத்தி முட்டையை உள்ளே வைத்துவிடுங்கள், 4, 5 மணி நேரம் கழித்துப் பார்க்கலாம். கோடே இல்லையென்றால் அலகையும் தலையையும் சுற்றி இருக்கும் சவ்வை மட்டும் விலக்குங்கள்.

அடிப்பாகத்தை உரிக்கவே வேண்டாம். மீதி ஓட்டிலிருந்து அது தானாக உதைத்து வரட்டும், தொப்புள் மூடியிருக்கிறதா என்பது நமக்கு வெளியிலிருந்து தெரியாது.

கூரான பக்கம் கொத்தின முட்டை ஒன்றிரண்டு வரும். தலை மாறி நிற்கும் குஞ்சு அது. அங்கே காற்றறை இல்லை, இரத்தக் குழாய்தான் நிறைய. மூச்சு விட அலகுக்கு எதிரே சின்னத் துளை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். பல குஞ்சுகள் மெதுவாக, ஆனால் தானாகவே வந்துவிடும்.

11. நடுவில் கரண்ட் போனால்

திறக்காதீர்கள். தெர்மாகோல் பெட்டி சூட்டை நன்றாகப் பிடித்துவைக்கும், முட்டைகளே இந்த வயதில் சூட்டை வெளிவிடும். ஒரு போர்வையால் பக்கங்களைச் சுற்றுங்கள், காற்றுத் துளைக்கு மேல் மூடாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும் என்று தெரிந்தால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் வெளிப்பக்கம் ஒட்டி வைத்துப் போர்வை போடலாம்.

கொஞ்சம் குளிர்ந்த முட்டை தாமதமாகப் பொரிக்கும், அவ்வளவுதான். சூடு ஏறியதுதான் கொல்லும். கரண்ட் வந்ததும் கன்ட்ரோலரை அவசரமாகக் கூட்டி வைத்துவிட்டு மறந்துபோய் 40 டிகிரிக்குப் போனவர்களின் முட்டைகள்தான் மொத்தமாகப் போயின. வழக்கமான அளவிலேயே விடுங்கள், அது தானாக ஏறும்.

12. ப்ரூடரில் முதல் நாள்

மாற்றும்போது ஒவ்வொரு குஞ்சையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். தொப்புள் மூடி உலர்ந்திருக்க வேண்டும். கொஞ்சம் திறந்தோ ஈரமாகவோ இருந்தால் போவிடோன் அயோடினை ஒரு சொட்டு தொட்டு வைத்து, மற்றவை கொத்தாதபடி தனியாக வையுங்கள்.

முதலில் தண்ணீர், அப்புறம் தீவனம். ஒவ்வொரு குஞ்சின் அலகு நுனியையும் ஒரு தடவை தண்ணீரில் தொட்டுவிட்டால் போதும், பழகிக்கொள்ளும். தண்ணீரில் துளி வெல்லம் கரைத்துக் கொடுப்பது முதல் நாளுக்கு நல்லது, அதற்கு மேல் வேண்டாம், புளித்துப்போகும். கிண்ணத்தில் கூழாங்கற்கள் போடுங்கள், இல்லையென்றால் உள்ளே விழுந்து நனைந்து செத்துப்போகும். சில மணி நேரம் கழித்துக் குஞ்சுத் தீவனம் கொடுக்கலாம். நொய் மட்டும் போட்டு வளர்ப்பவர்கள் உண்டு. முதல் நாள் சமாளிக்கலாம், ஆனால் வளர அதில் புரதம் போதாது.

செய்தித்தாளை மட்டும் விரிக்காதீர்கள், வழுக்கும். கால் விரிந்த குஞ்சு ஏதாவது இருந்தால், முதல் இரண்டு நாளுக்குள் இரண்டு கால்களையும் தோள் அகலத்துக்கு வைத்து மெல்லிய பிளாஸ்டரால் தளர்வாக எட்டு மாதிரி சுற்றிவிடுங்கள். எலும்பு இளசாக இருப்பதால் இரண்டு மூன்று நாளில் நேராகிவிடும். ஒரு வாரம் கழித்துச் செய்தால் பெரும்பாலும் பலிக்காது.

சூடு சரியா என்பதைத் தெர்மாமீட்டரைவிடக் குஞ்சுகளே நன்றாகச் சொல்லும். பல்புக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர். ஓரங்களுக்கு ஓடி அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் அதிகச் சூடு. பரவலாகப் படுத்தும் கொத்தியும் இருந்தால் அப்படியே விடுங்கள். வாரத்துக்கு 3 டிகிரி அளவில் குறைத்துக்கொண்டே வரலாம். 7ஆம் நாள் வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் இருக்க லசோட்டா என்னும் தடுப்புச் சொட்டு மருந்து போட வேண்டும், பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

13. பொரிக்காத முட்டைகளை என்ன செய்வது

21 முடிந்ததும் அணைத்துவிடாதீர்கள். வெப்பம் அரை டிகிரி குறைவாக ஓடியிருந்தாலோ, முட்டை வைக்கும் முன் அதிக நாள் சேமித்ததாக இருந்தாலோ ஒரு நாள் தள்ளிப்போகும். 23ஆம் நாள் முடியும் வரை ஓடட்டும்.

அதற்கப்புறம் மீதமுள்ளவற்றை வீட்டுக்கு வெளியே எடுத்துப்போய் ஒவ்வொன்றாக உடைத்துப் பாருங்கள். மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் அடுத்த ஈட்டுக்கு இதைவிட நல்ல பாடம் வேறு கிடைக்காது. உள்ளே வெறும் மஞ்சள் கரு என்றால் கரு கூடவில்லை, சேவலைக் கவனியுங்கள். ஒரு சேவலுக்கு 8, 10 பெட்டைக்கு மேல் வேண்டாம். இரத்த வளையம் மட்டும் இருந்தால் முதல் வாரத்தில் வெப்பம் ஏறி இறங்கியிருக்கிறது அல்லது முட்டை பழையது. முழுதாக வளர்ந்த குஞ்சு, சுற்றிலும் நிறையத் தண்ணீர், காற்றறைச் சவ்வு கிழியவில்லை என்றால் முதல் 18 நாளில் ஈரப்பதம் அதிகம்; அடுத்த முறை 45 முதல் 50க்குள் வையுங்கள். கொத்தி, சவ்வு இறுகிச் செத்திருந்தால் கடைசி நாட்களில் ஈரம் போதவில்லை, அல்லது யாரோ திறந்திருக்கிறார்கள்.

பொரித்தவையும் கதை சொல்லும். எல்லாம் 20ஆம் நாளே வந்து தொப்புள் சரியாக மூடாமல் இருந்தால் சூடு அதிகம். 22க்கு மேல் இழுத்துக்கொண்டு வந்து, வயிறு பெருத்து மந்தமாக இருந்தால் சூடு குறைவு. எல்லாவற்றையும் அதே நோட்டில் எழுதிவிட்டு, ஓடு, இறகுத் தூசி எல்லாவற்றையும் துடைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவக்கூடியதைக் கழுவி, ஸ்பாஞ்சைத் தூக்கிப்போட்டு, பெட்டியை ஒரு நாள் முழுக்க வெயிலில் திறந்து வையுங்கள். மோட்டார், கன்ட்ரோலரில் தண்ணீர் படாமல் ஈரத்துணியால் மட்டும் துடையுங்கள்.